அந்த முதுகும் சினிமாதான்

(‘திரையரங்கிற்குச் சென்று படம் பார்க்கும் இன்பம் மிகுந்திருந்தது அந்தக் காலத்திலா, இந்தக் காலத்திலா?’ என்னும் பட்டிமன்றத்தில் ‘அந்தக் காலத்திலே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ஆயிரம் அடி ரீல் இரண்டு ஓடி முடிகிற நேரத்தை எனக்குத் தந்திருக்கிறீர்கள். அதில் ஓர் அடியைக்கூடப் பொன்னாடைக்கும் புகழ்மாலைக்கும் செலவழிக்க நான் விரும்பவில்லை.

வரலாற்றிலிருந்து முறையாகத் தொடங்க வேண்டும் என்றுதான் குறிப்பெடுத்து வந்தேன். திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை உதறிவிட்டு, கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போன கதையைச் சொல்லலாம் என்றிருந்தேன். அவரே 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டியதையும், அந்தச் சாலைக்கு இன்றும் அந்தப் பெயரே நிலைத்திருப்பதையும் சொல்லி, 1944இல் வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட பெருமைக்கு வந்து சேர்வது என் திட்டம். எல்லாவற்றையும் எதிரணித் தலைவர் ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டார்.

‘டூரிங் டாக்கீஸில் இவர்கள் பார்த்தது படத்தை அல்ல, முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முதுகை’ என்றார். அதற்கு நீங்கள் தட்டிய கைதட்டல் பந்தலைத் தாண்டி டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். மறைப்பானேன், நானும் தட்டினேன். பேராசிரியர் அல்லவா, வாக்கியத்தை நன்றாகக் கட்டுகிறார். ஆனால் தட்டி ஓய்ந்த பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. அந்த முதுகு யாருடைய முதுகு? இதற்குப் பதில் சொல்லாமல் நான் அடுத்த குறிப்புக்குப் போவதாக இல்லை.

எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையில் கண்மாய்க் கரையை ஒட்டிய சிற்றூர். நான் பள்ளிக்கூடத்தில் படித்த எழுபதுகளில், அறுவடை முடிந்த புஞ்சையொன்றில் கீற்றுக் கொட்டகை எழும்பியது. தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்புகள். தரை டிக்கெட் நாலணா. நடுவில் ஓர் இடுப்புயரத் தட்டி, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். அந்தி சாயும் நேரத்தில் குழாய் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள். முதல் பாட்டுக்கு அடுப்பில் உலை ஏறும். சீர்காழி கோவிந்தராஜனின் குரலில் பிள்ளையார் பாட்டு ஒலித்தால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். அந்தப் பாட்டுக்குள் சோற்றை வடித்து, பிள்ளைக்கு ஊட்டி, தலையை அள்ளி முடிந்துகொண்டு எங்கள் தெருப் பெண்கள் வரப்பில் இறங்கிவிடுவார்கள். இன்றைக்குக் கைப்பேசியில் இருக்கைப் படத்தைத் திறந்து, பச்சைக் கட்டமா சாம்பல் கட்டமா என்று தேடி, பணம் செலுத்தி, அதற்கு மேல் முன்பதிவுக் கட்டணம் என்று ஒன்றையும் செலுத்துகிறார்களே, அந்த வேலை முழுவதையும் அன்றைக்கு ஒரு பிள்ளையார் பாட்டு இலவசமாகச் செய்தது.

முதுகுக்கு வருகிறேன். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் ஒருவர் தபால்காரர். காக்கிச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெற்று முதுகோடு உட்காருவார். இன்னொருவர் தையற்காரர். ஆண்டாண்டுக் காலமாகத் தையல் இயந்திரத்தின்மேல் குனிந்து குனிந்து அவருக்கு முதுகு கூனியிருக்கும், ஆகையால் அவருக்குப் பின்னால் இடம் பிடிக்கப் பையன்களுக்குள் அடிதடி நடக்கும். மூன்றாவது முதுகுதான் ஆபத்தானது. அது எங்கள் கணக்கு வாத்தியாருடையது. மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறேனே, இவர் திரும்பினால் என் கதி என்ன என்ற அச்சத்தில், திரையில் கதாநாயகன் படும் துன்பத்தைவிட நான் பட்ட துன்பம் அதிகம். அவர் கடைசிவரை திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. வகுப்பில் என்னைத் தனியே அழைத்து, ‘நேற்று என்னைக் கொட்டகையில் பார்த்ததை வீட்டில் யாரிடமும் சொல்லாதே’ என்றார். டியூஷன் எடுக்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! பேராசிரியர் அவர்களே, இப்படி ஒரு முதுகு உங்கள் மல்டிபிளெக்ஸில் எந்த வரிசையில் கிடைக்கும்? முன் இருக்கையின் சாய்மானத்தை விட்டால் அங்கே ஒன்றும் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் அதற்கு மேலே ஒளிர்கிற கைப்பேசி மட்டுமே.

சிரிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைத் தீர்மானித்தது படிநிலை அல்ல, கையிலிருந்த காசு என்றும் எழுதியவர் ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. தேர் வடத்தை யார் முதலில் தொடுவது, கோயிலில் யார் எந்த வாசலோடு நின்றுகொள்வது, டீக்கடையில் யாருக்கு எந்தக் குவளை என்பதெல்லாம் விதிக்கப்பட்டிருந்த ஒரு காலத்தில், நாலணாவோடு முதலில் வந்தவன் முன்னால் உட்கார்ந்தான். பிறகு வந்தவன், எந்தத் தெருவிலிருந்து வந்தவனாக இருந்தாலும், அவன் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். அது பிடிக்காமல் காசைக் கூட்டிக் கொடுத்து நாற்காலிக்குப் போய்விட்டவர்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நாற்காலி பின்னால்தானே போட்டிருந்தது? அவர்களும் எங்கள் எல்லாருடைய முதுகையும் பார்த்துக்கொண்டுதான் படம் பார்த்தார்கள்.

முதுகு மறைத்தால் நாங்கள் சும்மா இருந்தோமா? தரையில் ஆற்று மணலைக் கொட்டிப் பரப்பியிருப்பார்கள். புழுதி எழாமலிருக்கத் தண்ணீர் தெளித்திருப்பார்கள், ஆகையால் மணல் அள்ளினால் கையில் நிற்கும். இரண்டு முழங்கையாலும் அணைத்து இழுத்துக் குவித்து, மேலே தட்டி இறுக்கி, துண்டை மடித்துப் போட்டு ஏறி உட்கார்ந்தால் முன்னவரைவிட ஒரு சாண் உயரம் கிடைக்கும். எனக்குப் பின்னால் இருப்பவன் என்னைவிட ஒரு சாண் உயர்த்துவான். அவனுக்குப் பின்னால் இருப்பவன் இருவரையும் தோற்கடிப்பான். இடைவேளை வருவதற்குள் கடைசி வரிசையில் இருப்பவனின் தலை பெஞ்சுக்காரருக்கு மறைக்க, பெஞ்சுக்காரர் காலால் ஓர் எத்து விட, கோபுரம் சரிந்து, மூன்று வரிசையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இன்றைய அரங்கில் பொறியாளர் கணக்குப் போட்டுப் படிப்படியாக இருக்கைகளை உயர்த்தி வைத்திருக்கிறார் என்று எதிரணித் தலைவர் பெருமைப்பட்டார். அந்தக் கணக்கை நாங்கள் முழங்கையால் போட்டோம்.

கழிப்பறை இருந்ததா என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் விரிவான பதில் இருக்கிறது. ஆனால் விழாக் குழுவினர் அடுத்து உணவுக்கு அழைக்க இருப்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

இப்போது எங்கள் அப்பத்தாவுக்கு வருகிறேன். அப்பத்தாவைப் பற்றிப் பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். என்ன செய்வது, பேராசிரியர் அழைத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் படச்சுருளின் பிரதி ஒன்று எடுக்கப் பெரும் செலவாகும். ஆகையால் ஒரே பிரதியை இரண்டு கொட்டகைகள் பங்கிட்டு ஓட்டுவதும் உண்டு. மூன்று மைல் தொலைவிலிருந்த பக்கத்து ஊரில் ஆட்டத்தை முன்கூட்டியே தொடங்கிவிடுவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் வைத்துச் சைக்கிள் கேரியரில் கட்டி ஒருவர் எங்கள் ஊருக்குக் கொண்டுவருவார். எங்கள் ஊரில் ஓடி முடிந்ததை அங்கே இரண்டாம் ஆட்டத்துக்குக் கொண்டுபோவார். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் எப்படியும் மூன்று நான்கு இடைவேளைகள் உண்டு. சைக்கிள் தாமதமானால் ஐந்தாவதாக ஒன்று கிடைக்கும். முறுக்குக்காரருக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை.

அன்றைக்கு ஓடியது அம்மா செத்துப்போகிற படம். பெயர் எதற்கு? அந்தக் காலத்தில் அம்மா செத்துப்போகாத படம் எது? மகனின் மடியில் தலையை வைத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் நிதானமாகச் சொல்லி முடித்து, அவள் கண்ணை மூடினாள். ரீல் முடிந்தது, விளக்கைப் போட்டார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒப்பாரி. எங்கள் அப்பத்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். சைக்கிள் வரவில்லை. அழுது முடிக்க அவகாசம் கொடுத்தது மாதிரி அரைமணி நேரம் போன பிறகு, சைக்கிள்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்து பெட்டியை இறக்கினார். ஆபரேட்டர் அவசர அவசரமாக ரீலை மாட்டினார், கார்பன் குச்சிகளை நெருக்கி வெளிச்சத்தைக் கூட்டினார், விளக்கை அணைத்தார்கள்.

திரையில் அம்மா இட்லி சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். பக்கத்து ஊரில் கொடுத்துவிட்டு வரவேண்டிய பழைய பெட்டியையே சைக்கிள்காரர் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். இரண்டும் ஒரே மாதிரித் தகரப் பெட்டிகள். ஆனால் இது கொட்டகைக்குள் யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பத்தா எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பி, ‘பிழைச்சுக்கிட்டாடீ! மாரியாத்தா கண்ணைத் தொறந்துட்டாடீ!’ என்று கூவினாள். அவ்வளவுதான். பெண்கள் பக்கம் முழுவதும் குலவை! எங்கள் சீமைக் குலவையை அறிந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். நாற்று நடும்போது போட்டால் கண்மாய்க்கு அக்கரையில் கேட்கும். அந்தக் குலவையைக் கேட்ட ஆபரேட்டர், படம் மக்களுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது என்று எண்ணி, இன்னும் இரண்டு நிமிடம் சேர்த்து ஓட்டினார்.

மேனேஜர் ஓடிவந்து நிறுத்தினார். சைக்கிள்காரர் மறுபடியும் மூன்று மைல் போய், மூன்று மைல் வந்தார். சரியான ரீல் ஓடத் தொடங்கியது. முதல் காட்சியே சுடுகாடு. மகன் கொள்ளி வைக்கிறான். அப்பத்தா மறுபடியும் எழுந்தாள். ‘ஏப்பா மேனேஜர், இங்க வா. ஒரு தடவை செத்தா, ஒரு தடவை அழுதோம். சரி. பிழைச்சு வந்து இட்லி சுட்டவளை மறுபடி கொல்லச் சொல்லி உனக்கு யாருப்பா உத்தரவு குடுத்தது?’ மேனேஜர் பொறுமையானவர். ‘ஆத்தா, அவ செத்ததுதான் கதை, பிழைச்சது பெட்டி மாறிப்போனதால’ என்றார். அப்பத்தா சொன்ன பதிலை இன்றைக்குத் திரைக்கதை எழுதுகிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: ‘அப்ப பெட்டி மாறினதே கதையா இருக்கட்டும். இத்தோட படத்தை நிறுத்து.’

கதை அத்துடன் முடியவில்லை. மறுநாள் காலை தண்ணீர்த் துறையில் அப்பத்தா இதைச் சொல்லும்போது அம்மா இட்லி மட்டும் சுட்டாள். மத்தியானம் களத்துமேட்டில் சொல்லும்போது இட்லி சுட்டு, மகனுக்குப் பெண் பார்க்கவும் போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் செய்தி நான்கு ஊர்களுக்குப் போய்விட்டது. ‘அந்தக் கொட்டகையில மட்டும் அம்மா பிழைக்கிறாளாம்’ என்று வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அன்றிரவு தரை முழுவதும் நிரம்பியது. சைக்கிள்காரர் முந்தைய நாள் வாங்கிய திட்டுக்குப் பயந்து சரியான நேரத்தில் சரியான பெட்டியைக் கொண்டுவந்தார், அம்மா செத்தாள், பிழைக்கவில்லை. விட்டார்களா? ‘பிழைக்கிற ரீலைப் போடு!’ என்று ஒரே கூச்சல். மணலை வாரித் திரையில் எறிந்தார்கள். கடைசியில் ஆபரேட்டர் இட்லி ரீலைத் தேடி எடுத்து இன்னொரு முறை ஓட்டிய பிறகுதான் கூட்டம் கலைந்தது. ஆக, ஒரு படத்தின் முடிவை ஒரு சிற்றூர் திருத்தி எழுதியது, நடுவர் அவர்களே.

இன்றைக்கு அது நடக்குமா? படம் வன்தட்டில் வருகிறது, அல்லது செயற்கைக்கோள் வழியாக இறங்குகிறது. அதைத் திறக்க ஒரு டிஜிட்டல் சாவி தனியாக வர வேண்டும். எந்த அரங்கில், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பது அந்தச் சாவியிலேயே எழுதப்பட்டிருக்கும். பாதுகாப்பான ஏற்பாடுதான், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாவி வரத் தாமதமாகி முதல் ஆட்டம் தள்ளிப்போகும் நாளில் அரங்குக்குள் பாருங்கள். சைக்கிள் வராத அந்த அரைமணி நேரத்தில் எங்கள் கொட்டகையில் இரண்டு வீட்டுக்குப் பெண் பார்த்து முடித்திருக்கிறார்கள். சாவி வராத அரைமணி நேரத்தில் இங்கே பக்கத்து இருக்கைக்காரரின் பெயர்கூடத் தெரிவதில்லை. அவரவர் கையில் அவரவர் திரை.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, குளிர்சாதனம், துல்லியமான ஒலி, புகைமூட்டம் இல்லாத காற்று, மாற்றுத் திறனாளிகளுக்குச் சாய்தளம் என்றெல்லாம் அடுக்கினார். அத்தனையும் உண்மை, பீடிப் புகையை நான் தாலாட்டப் போவதில்லை. ஆனால் தம்பி, இன்பம் என்பதல்லவா தலைப்பு, வசதி என்பது அல்லவே. வசதியைப் பற்றிப் பேசுவதென்றால் கணக்கையும் பேசுங்கள். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 விழுக்காடு என்றார்கள். அதற்கு மேலே தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்ததால் அந்த ஜூலையில் திரையரங்குகளே கதவை மூடிப் போராடின. விகிதம் பின்னர் குறைந்தது. குடும்பத்தோடு போய்வருகிற செலவு குறைந்ததா? வாசலில் பையைத் திறந்து பார்த்து, வீட்டில் சுட்ட முறுக்கை வெளியே வைக்கச் சொல்கிறார்கள். உள்ளே போனால் சோளப்பொரியின் விலை டிக்கெட்டின் விலையைப் பார்த்துச் சிரிக்கிறது. ஐந்து பேர் போக வேண்டிய வீட்டில் மூன்று பேர் போகிறார்கள். வீட்டில் விடப்படுகிற அந்த இரண்டு பேர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. எங்களுக்குப் படம் கொட்டகையோடு முடிந்ததில்லை. ஆபரேட்டர் அறுந்த இடத்தை வெட்டி ஒட்டும்போது கீழே விழுகிற பிலிம் துண்டுகளைப் பொறுக்குவோம். பழுதான பல்பின் பித்தளை மூடியை நெம்பி, உள்ளே இருக்கும் கண்ணாடித் தண்டை உடைத்தெடுத்து, தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலை ஜன்னல் வழியே உள்ளே திருப்ப வேண்டும். அட்டைப் பெட்டியின் ஓட்டையில் பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால், சுவரில் கட்டிய அப்பாவின் வேட்டியில் கதாநாயகன் நேராக நிற்பான். சூரியன் நகர்வதற்கு ஏற்பக் கண்ணாடிக்காரன் கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அவன் படத்தைப் பார்க்கவே முடியாது, ஆகையால் அவனுக்குக் கட்டணம் கிடையாது. மற்றவர்களுக்கு ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. மேகம் மறைத்தால் அதுதான் இடைவேளை. ஒளியியல் பாடத்தை எங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவதற்கு முன்பே டூரிங் டாக்கீஸ் நடத்தி முடித்துவிட்டது.

கொட்டகைகள் போயின, அது காலத்தின் போக்கு என்று விட்டுவிடலாம். கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய அரங்குகளும் அல்லவா போயின! 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு கதவைத் திறந்தது மதுரை தங்கம் திரையரங்கு. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட அரங்கு. 1937இல் வெளிவந்த ‘சிந்தாமணி’ படம் ஈட்டிய பணத்தில் எழும்பி, அந்தப் படத்தின் பெயரையே தாங்கி நின்றது இன்னோர் அரங்கு. இரண்டு இடத்திலும் இன்றைக்குத் துணி விற்கிறார்கள். துணிக்கடைமீது எனக்குப் பகை இல்லை. தீபாவளிக்கு நானும் அங்கேதான் வேட்டி வாங்குகிறேன். வாங்கிவிட்டுப் படியிறங்கும்போது, இந்த இடத்தில் எத்தனை பேர் சேர்ந்து சிரித்திருப்பார்கள், எத்தனை பேர் சேர்ந்து அழுதிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

நடுவர் மணியடித்துவிட்டார். இன்னும் ஒரு செய்தி மட்டும். அதைச் சொல்லாமல் போனால் என் அப்பத்தாவைச் சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்தியவனாகிவிடுவேன்.

அப்பத்தா காலமான பிறகு என் அத்தை சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அப்பத்தா வாழ்க்கைப்பட்டு வந்தது சிறுவயதில். ஒரு மழைக்காலத்தில், நடவு நடந்துகொண்டிருந்தபோது, அவளைப் பெற்ற தாய் பிறந்த ஊரில் இறந்துபோனாள். ஆற்றில் வெள்ளம், சொல்லிவிட ஆள் வந்து சேர ஒருநாள் ஆகிவிட்டது. இவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, சாம்பல்தான் இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்த மறுநாளே நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினாள். வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார், கைப்பிள்ளை. விளக்கு வைக்கிற நேரத்தில் அழுதால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அடுப்படியில் அழுதால் சோறு குழைந்துவிட்டதா என்று கேட்பார்கள். தாய்க்காக ஒரு பாட்டம் அழுவதற்கு அவளுக்கு இடமும் நேரமும் கிடைக்கவே இல்லை. எத்தனையோ ஆண்டுகள் கழித்து, நாலணா கொடுத்து, இருட்டில், மணலில் உட்கார்ந்துதான் அவள் அழுதாள். ஏன் அழுகிறாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எல்லாருமே அழுதுகொண்டிருந்தார்கள் அல்லவா?

அன்றைக்கு மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விடவில்லை. தான் பார்க்கக் கிடைக்காத அந்தக் கொள்ளியை நின்றபடியே பார்த்தாள். அப்போது அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண், வேறு தெருவைச் சேர்ந்தவள், அதற்கு முன் ஒருநாளும் எங்கள் அப்பத்தாவோடு முகம் கொடுத்துப் பேசியறியாதவள், திரும்பி, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, படம் முடியும்வரை அந்தக் கையை விடவில்லை என்று அத்தை சொன்னார். எதிரணித் தலைவர் கேலி செய்தாரே, அந்த முதுகு, அது இப்படித் திரும்பவும் செய்தது ஐயா. சாய்மானம் திரும்புமா?

இதற்கும் தலைப்புக்கும் என்ன தொடர்பு என்று அடுத்துப் பேச வருகிற எதிரணிச் சகோதரி கேட்பார். கேட்கட்டும். அவருடைய தாயார் இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். மகள் பேசுவதைக் கேட்பதற்காகவே வந்திருக்கிறார். சகோதரி ஒலிபெருக்கி முன்னால் வருவதற்கு முன்னால் தாயாரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘அம்மா, நீங்கள் கடைசியாக ஒரு படத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதது எந்தக் கொட்டகையில், பக்கத்தில் யார் இருந்தார்கள்?’ ஊர்ப் பெயரோடு சொல்லுவார். பக்கத்தில் இருந்தவர் பெயரையும் சொல்லுவார். அந்தப் பதிலை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் சகோதரி இந்த மேடையில் சொல்லிவிட்டு, அப்புறம் தம் கட்சியை எடுத்துப் பேசட்டும். அதன் பிறகு நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். வணக்கம்.